கண்ட்ரோல் ஏழு

ஜூன் 3, புதன்

இல்லை, கத்தரிக்கோலைத் தூக்கிப் போடவில்லை. ரெஜினா அக்கா அதைப் பால் பாக்கெட் வெட்ட வைத்துக்கொண்டார். லேபில் என்னைவிட மூத்த டெக்னீஷியன். முதல் பத்து வருடம் அந்தக் கத்தரிக்கோலால் புகைப்படத்திலிருந்து குரோமோசோம்களை வெட்டி அட்டையில் ஒட்டியவர். அடுத்த பத்து வருடம் அதே வேலையை மவுஸால் திரையில் செய்தார். இனி இரண்டும் வேண்டாமாம். தானாகக் கண்டுபிடித்துத் தானாக வகைபிரிக்கும் மென்பொருள் பெங்களூரிலிருந்து மூன்று பெட்டிகளில் வந்து இறங்கியிருக்கிறது.

லேபின் உரிமையாளர் டாக்டர் மரகதம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். குங்குமம் கேமரா லென்ஸில் விழுந்தது. கருவியை நிறுவ வந்த கிஷோர் முதல் அரைமணி நேரத்தைப் பஞ்சும் ஸ்பிரிட்டுமாகக் கழித்தான். செயற்கை நுண்ணறிவின் கோயம்புத்தூர் வருகை.

ரெஜினா அக்கா கண்கலங்கினார். துக்கமில்லை.

"இனி இடுப்பு வலி இல்ல வானு. எல்லாம் அதே பாத்துக்கும்."

ஜூன் 5

மாமனார் வழியில் ஒரு பெரியம்மா வந்திருந்தார். என்ன வேலை என்று என்னைக் கேட்டார். அத்தை பதில் சொன்னார். "லேப்ல ரத்தம் பாக்குது."

நான் விளக்கினேன். ஏன் விளக்கினேன் என்று தெரியவில்லை. "ஒரு செல்லுக்குள்ள நாப்பத்தாறு குரோமோசோம் இருக்குதுங்க. பட்டை பட்டையா, வரிக்குதிரை மாதிரி. அப்பன்கிட்ட இருந்து பாதி, ஆத்தாகிட்ட இருந்து பாதி. சிதறிக் கெடக்கறத ஜோடி சேத்தி, ஒண்ணுல இருந்து வரிசையா அடுக்கணும். எதாச்சும் கூடுதலா இருக்குதா, ஒடைஞ்சிருக்குதா, எடம் மாறியிருக்குதான்னு பாக்கணும்."

"அட, ஜாதகப் பொருத்தம் பாக்கற வேலைன்னு சொல்லு கண்ணு."

மரபியலில் முதுகலை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம். ஜாதகப் பொருத்தம்.

பெரியம்மா அடுத்ததாக, "கண்ணாலமாகி ரெண்டு வருசமாச்சே. விசேசம் ஏதாச்சும்?" என்றார். அத்தை மின்விசிறியைப் பார்த்தார். நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

போன வருடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

ஜூன் 8, திங்கள்

கிஷோருக்கு "நார்மல்" வேண்டும். மென்பொருள் வெளிநாட்டில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு லேபின் சாயமும் வெளிச்சமும் வேறு. அதனால் எங்கள் ஸ்லைடுகளில் ஆரோக்கியமான மனிதர்களின் இருநூறு செல்களைக் காட்டி, "இங்கே நார்மல் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

"ஆரோக்கியமான மனுசங்களுக்கு எங்க போறது?" என்றார் ரெஜினா அக்கா. "இங்க வர்றவங்க எல்லாருமே ஏதோ ஒண்ணுக்குத்தான் வர்றாங்க."

வழி இருக்கிறது. புதிதாக ஒரு மருந்துப் புட்டி பிரிக்கும்போதெல்லாம், செல்கள் அதில் ஒழுங்காக வளர்கின்றனவா என்று சோதிக்க லேபில் வேலை செய்பவர்களின் ரத்தத்தைத்தான் எடுப்போம். அதற்குப் பெயர் கண்ட்ரோல். பெயர் எழுதமாட்டோம், எண் மட்டும். எது யாருடையது என்பது ரெஜினா அக்காவின் நோட்டில் இருக்கிறது. பட்டைகள் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்போம். ஜோடி சேர்த்துப் பார்க்கமாட்டோம். கூட வேலை செய்கிறவர்களின் குரோமோசோமை ஆராய்வது குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைத் திறப்பது போல. எழுதாத விதி.

கண்ட்ரோல் ஏழு என் ரத்தம். டாக்டருக்கு எண்தான் தெரியும். "ஏழுதான் நல்ல ரத்தம், ஏழையே போடுங்க" என்று அடிக்கடி சொல்வார். நன்றாக வளரும், குரோமோசோம்கள் நீளநீளமாக, பட்டைகள் பளிச்சென்று. மற்றவர்களுடையது வெந்த சேமியா.

இருநூறில் நூற்று நாற்பத்து மூன்று ஏழாம் எண்ணிலிருந்து எடுத்தோம். நார்மல் என்பதில் முக்கால் பங்கு நான். அத்தையிடம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஜூன் 10

மென்பொருள் சரி என்று நினைப்பதைப் பச்சையாகவும் சந்தேகப்படுவதை மஞ்சளாகவும் காட்டும். ஏழாம் எண்ணின் செல்களை ஏற்றியதும் ஒவ்வொன்றிலும் இரண்டு மஞ்சள். பதினொன்றாம் ஜோடியில் ஒன்று. இருபத்திரண்டில் ஒன்று.

"மேடம், சிஸ்டம் டவுட் படுது" என்றான் கிஷோர். "பதினொண்ணுல ஒண்ணு கொஞ்சம் நீளமா இருக்குன்னு சொல்லுது. ட்வென்ட்டி டூல ஒண்ணு குட்டை."

ரெஜினா அக்கா சிரித்தார். "நம்ம லேப்ல பதினொண்ணு அப்படித்தான் தம்பி நிக்கும். மூணு வருசமாவே இழுத்துக்கிட்டுத்தான் விழுது. தண்ணி அப்படி."

"டிஸ்டில்டு வாட்டர்தானே யூஸ் பண்றீங்க?"

"அதையும் சிறுவாணியில இருந்துதானப்பா காய்ச்சறாங்க."

ஏசியாக இருக்கலாம் என்றேன் நான். ஈரப்பதம். மூன்று வருடமாக நாங்கள் இதற்கு வைத்திருக்கும் காரணங்களில் பருவமழையும் ஒன்று.

"அப்ப ஓகேன்னு சொல்லிக் குடுங்க. கத்துக்கும்."

மஞ்சள் மீது அம்புக்குறியை வைத்து "நார்மல்" என்று அழுத்த வேண்டும். நான்தான் அழுத்தினேன். நாற்பதாவது செல்லுக்குப் பிறகு அதன் சந்தேகம் குறைய ஆரம்பித்தது. நூறைத் தாண்டியதும் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மருமகள் மாதிரி சீக்கிரம் கற்றுக்கொண்டது.

ஜூன் 11

முப்பத்தெட்டு நாள். வேறொன்றும் இல்லை.

ஜூன் 19

திறப்பு விழா. மருத்துவமனைகளிலிருந்து விருந்தினர்கள், சமோசா, பூங்கொத்து. முதல் நேரடிச் சோதனைக்கு ஒரு பெண்ணின் ஸ்லைடு. மென்பொருள் பதினோரு வினாடியில் நாற்பத்தேழு குரோமோசோம்களைக் கண்டுபிடித்து, ஒன்றுக்கு ஒய் என்று பெயரிட்டது. தொண்ணூற்றேழு சதவீத உறுதியுடன்.

அது சாயத்தூள். சரியாக வடிகட்டவில்லை. ஒரு துளி அழுக்கு, பொள்ளாச்சிப் பெண்மணி ஒருவரை நான்கு நிமிடம் ஆணாக்கி வைத்திருந்தது. விருந்தினர்கள் கை தட்டினார்கள். நாற்பத்தேழு நாற்பத்தாறைவிட அதிகம் என்பதால் இருக்கலாம்.

கத்தரிக்கோல் காலத்திலும் தப்பு நடந்திருக்கிறது. ரெஜினா அக்கா ஒருமுறை தும்மியதில் ஒருவருடைய இருபத்தொன்று காணாமல் போய், கடைசியில் அக்காவின் சேலை மடிப்பிலேயே கிடைத்ததாம். பழையதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம்.

ஜூன் 27

அத்தை கொல்லையில் இருந்த பப்பாளி மரத்தை ஆள் வைத்து வெட்டினார். வீட்டில் நான் இன்னும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இவரிடம் மட்டும் சொன்னேன். இவர் பம்புசெட் கம்பெனியில் சோதனைப் பிரிவு. கசிவைக் கண்டுபிடிப்பவர், தானே கசிந்திருக்கிறார்.

ஜூலை 8

தாராபுரத்திலிருந்து செல்வநாயகி. இருபத்தொன்பது வயது. கணவரும் மாமியாரும் கூட வந்திருந்தார்கள். கணவருக்கும் ரத்தம் எடுத்தோம். அவர் ஊசியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது என் வேலை. பெயர், வயது, அனுப்பிய மருத்துவர். ஆறாவது கட்டம்: இதற்கு முன் கலைந்தவை, எண்ணிக்கை.

"மூணுங்க" என்றார் மாமியார். "மூணுமே ரெண்டு மாசம், ரெண்டரை மாசம். எங்க வகையறால இப்படி ஒண்ணு நடந்ததே இல்லைங்க."

"அவங்க சொல்லட்டும்" என்றேன்.

செல்வநாயகி படிவத்தை எட்டிப் பார்த்தாள். "கட்டம் சின்னதா இருக்குதுங்களே. எண்ணிக்கை மட்டும் போதுங்களா, பேரும் வேணுங்களா?"

எண்ணிக்கை போதும் என்றேன். 3 என்று எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். நான் வேகமாக வேலை செய்வேன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஜூலை 12

விடுப்பு.

ஜூலை 13

விடுப்பு.

ஜூலை 14

விடுப்பு. வயிறு.

ஜூலை 16, வியாழன்

லேபில் வைரல் காய்ச்சல் என்று சொன்னேன். டாக்டர், "மாஸ்க் போட்டுக்கோ, செல் கல்ச்சர்ல கிருமி சேந்துடப் போகுது" என்றார். என் நாற்காலியில் ரெஜினா அக்கா ஒரு தலையணை வைத்திருந்தார்.

அத்தை காரணம் கண்டுபிடித்துவிட்டார். சிஸ்டம் சூடு. "பொழுதுக்கும் அது முன்னாடியே உக்காந்தா ஒடம்பு என்னத்துக்காகும்." சொல்லிவிட்டு, வெந்தயம் ஊறவைத்த தண்ணீரை நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார். எங்கள் லேபின் தண்ணீர்க் கோட்பாட்டோடு ஒப்பிட்டால் இது மோசமான கோட்பாடில்லை.

ஜூலை 22

தாராபுரம் ஸ்லைடுகள். கணவருடையது சுத்தம். மனைவியுடையதும் இருபது செல்லும் பச்சை. உறுதி 99.4 சதவீதம்.

ஒரு செல்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழக்கம். பதினொன்றில் ஒன்று சற்று நீளம். இருபத்திரண்டில் ஒன்று குட்டை. பிறகு, எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றியது. நன்றாகத் தெரிந்த முகம். நம் லேபில் பதினொன்று அப்படித்தானே நிற்கும்.

கையெழுத்துப் போட்டேன். டாக்டர் அதற்குக் கீழே போட்டார். குரோமோசோம் பற்றி டாக்டருக்கு இருப்பது ஆறு வாரப் பயிற்சி. கையெழுத்தில் முப்பது வருடப் பயிற்சி.

ஆகஸ்ட் 3

செல்வநாயகி தொலைபேசியில் அழைத்தாள்.

"ரிப்போர்ட் வந்துச்சுங்க. நார்மல்னு போட்டிருக்குதுங்க."

"ஆமாங்க. நல்ல செய்திதானே."

"நல்ல சேதியுங்களா?"

"பயப்பட ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்."

"இல்லைங்க, அவருக்கும் நார்மல், எனக்கும் நார்மல்னா, அப்பறம் எதனாலங்க? எங்க அத்தை சொல்லிட்டாங்க. மிஷினே சொல்லிருச்சு, ஒடம்புல கோளாறு இல்ல, இவ ராசிதான்னு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப மறுபடி நாள் தள்ளிப் போயிருக்குதுங்க. நாப்பத்தஞ்சு நாளு. நார்மல்னு வந்துட்டதால பதினாறாவது வாரம் வயித்துல இருந்து தண்ணி எடுத்துப் பாக்கற டெஸ்ட்டு வேண்டாம்னுட்டாங்க எங்க டாக்டரம்மா."

"நல்லதுங்க. ரெஸ்ட் எடுங்க."

பதிவுசெய்து வைத்த குரல்கூட இதைவிட நன்றாகப் பேசும்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மதியச் சாப்பாடு. இவர் கம்பெனிக் கதை சொன்னார். அழுத்தம் அளக்கும் கேஜ்களை எல்லாம் ஒரு மாஸ்டர் கேஜோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்ப்பார்களாம்.

"அந்த மாஸ்டரை யாரு செக் பண்றது?" என்று கேட்டேன், ரசம் ஊற்றிக்கொண்டே. பேச்சுக்குக் கேட்டதுதான்.

"வருசத்துக்கு ஒருக்கா வெளிய அனுப்பிருவோம். அதுவே கோணையா இருந்துச்சுன்னா தெரியவே தெரியாதில்ல. எல்லா பம்பும் ஒழுங்கா, ஒரே மாதிரி தப்பா இருக்கும். எங்களுக்கு எல்லாம் கரெக்ட்டா இருக்கற மாதிரியேதான் தெரியும்."

அத்தை, "ரசம் வழியுது பாரு" என்றார்.

ஆகஸ்ட் 10

மதிய இடைவேளையில் பழைய அலமாரியைத் திறந்தேன். நான்கு, ஐந்து வருடத்துக்கு முந்தைய கண்ட்ரோல்கள். எண்கள் ஒன்று முதல் ஆறு வரை. பன்னிரண்டு ஸ்லைடு பார்த்தேன். பதினொன்றுகள் எல்லாம் ஜோடியாக, ஒரே உயரமாக, பள்ளிக்கூட வரிசையில் நிற்கின்றன. அதே தண்ணீர். அதே ஏசி.

ரெஜினா அக்காவிடம் கேட்டேன். "பதினொண்ணு இழுக்க ஆரம்பிச்சது எப்ப இருந்துக்கா?"

"அதான் சொன்னனே, மூணு வருசம். ஜூன்ல இருந்து. புது பேட்ச் மருந்து வந்துச்சில்ல, அப்ப இருந்து."

நான் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த ஜூனில்தான். தகவலுக்காகக் குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 11

ஏழாம் எண்ணின் ஒரு செல்லையும் செல்வநாயகியின் ஒரு செல்லையும் அச்செடுத்தேன். திரையில் எதைத் திறந்தாலும் பச்சை அடித்துவிடுகிறது, பார்க்கவே விடுவதில்லை. பால் வாசம் அடிக்கும் கத்தரிக்கோலைக் கழுவி, இரண்டிலிருந்தும் பதினொன்றுகளையும் இருபத்திரண்டுகளையும் வெட்டினேன். தனித்தனி அட்டையில் ஒட்டி அருகருகே வைத்தேன்.

ஒன்றேதான். உடைந்த இடமும் ஒன்றே. பதினொன்றின் நுனியும் இருபத்திரண்டின் நுனியும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கின்றன. உறவில்லாத குடும்பங்களிலும் இதே இரண்டு, இதே இடத்தில் உடைந்து மாறுவது உண்டு. பாடப்புத்தகத்தில் படம் போட்டே இருக்கிறது. தேர்வுக்கு வந்தது. எழுதியிருக்கிறேன், முழு மதிப்பெண்.

கல்யாண மண்டப வாசலில் இரண்டு பேருடைய செருப்பில் ஒவ்வொன்று மாறிப்போவது மாதிரி. மொத்தத்தில் செருப்பு குறையவில்லை. அதனால் அந்த ஆள் நன்றாக இருப்பார், வேலைக்குப் போவார், பதக்கம் வாங்குவார். குழந்தைக்குப் பாதியைப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் கணக்கு இடிக்கும். சில சமயம் சரியாகப் போகும். பல சமயம் ஒன்று கூடியோ ஒன்று குறைந்தோ போகும். அப்படிப் போனவை இரண்டு மாதம் தங்கும். இரண்டரை மாதம். அபூர்வமாக முழு மாதமும் தங்கிப் பிறக்கும், பெரும் குறைகளோடு. அதற்குத்தான் பதினாறாவது வாரத்துச் சோதனை.

கிஷோரை அழைத்தேன். பிசகைச் சொன்னேன், ஆளைச் சொல்லவில்லை.

"மேடம், சாஃப்ட்வேர் மேல தப்பு இல்லையே. அது முதல்லயே டவுட் பட்டுச்சு. நீங்கதான் நார்மல்னு சொன்னீங்க. லாக்ல ரெக்கார்ட் ஆயிருக்கு. நூத்தி நாப்பத்தி மூணு செல்லுக்கும்."

அவன் சொல்வது உண்மை. அந்த அறையில் சந்தேகப்பட்டது அது மட்டும்தான். நான் அதைத் திருத்தினேன்.

ஏழு யார் என்று நோட்டில் பார்க்கச் சொல்லி டாக்டர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று ரெஜினா அக்காவிடம் கேட்டேன். "நோட்டு எங்கியோ வெச்சிட்டேன்" என்றார். நோட்டு அவர் டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 12

டாக்டரின் மேசையில் இரண்டு அட்டைகளையும் வைத்தேன்.

"என்ன இது, ஸ்கூல் ப்ராஜெக்ட்டா?"

"இது தாராபுரம் பேஷண்ட் டாக்டர். நாம நார்மல்னு ரிப்போர்ட் குடுத்தது. பதினொண்ணும் இருபத்திரண்டும் எடம் மாறியிருக்கு."

"இது?"

"கண்ட்ரோல் ஏழு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு."

"அதான் பிரச்சினை."

"என்ன பிரச்சினை? கண்ட்ரோல் நார்மல். பேஷண்ட் கண்ட்ரோல் மாதிரியே இருக்கா. அப்ப பேஷண்ட்டும் நார்மல். நீயே ப்ரூவ் பண்ணிட்டு வந்து நிக்கற."

இதில் ஓட்டை இல்லை. உருண்டையான வாதம்.

"கண்ட்ரோல் நார்மல்னு யார் சொன்னாங்க டாக்டர்?"

"ஃபைல் சொல்லுது." எடுத்துப் படித்தார். "எண் ஏழு. பெண். நல்ல ஆரோக்கியம். குறிப்பிடத்தக்க முன்வரலாறு எதுவும் இல்லை." மூன்று வருடத்துக்கு முன் எழுதியது. அன்று அது உண்மை. அன்று எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

"மெஷின் நார்மல்ங்குது, ரெஜினா நார்மல்ங்கறா, நீயே கையெழுத்துப் போட்டிருக்க. இப்ப ஒரு பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு போன் பண்ணி, தப்பாச்சுன்னு நான் எதை வெச்சு சொல்றது? போய் அந்த ஏழாம் நம்பரைக் கேளு. ஏதாவது ஹிஸ்டரி இருந்தா எழுதிக் குடுக்கட்டும், நான் ரிப்போர்ட்டை மாத்தறேன். இல்லைன்னா நவம்பர்ல புது வெர்ஷன் வரும், அப்ப பாத்துக்கலாம்."

"நவம்பர்ல அவங்களுக்கு அஞ்சு மாசம் ஆயிடும் டாக்டர்."

"அதான் சொல்றேன். சீக்கிரம் கேளு."

"ஏழு யாருன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"எனக்கெதுக்கு? ரகசியமா இருக்கணும்னுதானே நம்பர் போட்டது."

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 13

கேட்டேன். ஏழு பதில் சொல்லவில்லை.

அத்தை இன்று உறவுக்காரர் யாரிடமோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "மருமக லேப்ல அவ ரத்தத்தத்தான் நல்ல ரத்தம்னு சொல்றாங்களாம்." எப்போதோ நான்தான் சொல்லியிருக்கிறேன். குரலில் பெருமை இருந்தது. அவரிடம் என்னைப் பற்றி மிச்சமிருந்த ஒரே நல்ல செய்தி.

துணி மடிக்கும்போது இவரிடம் சொன்னேன். "மாஸ்டர் கேஜை வெளிய அனுப்பணும்."

புரிய ஒரு நிமிடம் ஆனது. போர்வையின் இரண்டு முனைகள் அவர் கையில், இரண்டு என் கையில்.

"அப்ப அது சிஸ்டம் சூடு இல்லையா?"

"இல்ல."

"நானும் ரத்தம் குடுக்கணுமா?"

"குடுக்கணும்."

"காலையில வெறும் வயித்துல வரணுமா?"

சாப்பிட்டுவிட்டே வரலாம் என்றேன். போர்வையை மடித்தோம்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

காலை ஒன்பதரைக்கு ஒரு புதுப் படிவம் எடுத்தேன். பெயர், வான்மதி. வயது, இருபத்தெட்டு. அனுப்பிய மருத்துவர் என்ற இடத்தில் கோடு. ஆறாவது கட்டத்துக்கு வந்தேன். செல்வநாயகி சொன்னது சரி. கட்டம் சின்னது.

2 என்று எழுதினேன். கீழே, "கண்ட்ரோல் எண் 7 நானே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ரெஜினா அக்கா ரத்தம் எடுத்தார். ஊசி குத்தும்போது அவர் வழக்கமாகச் சினிமாக் கதை சொல்வார். இன்று சொல்லவில்லை. குழாயின் மேல் எண்ணுக்குப் பதில் என் பெயரை முழுவதுமாக எழுதினார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. மென்பொருளால் பிரிக்க முடியாது.

டாக்டர் படிவத்தைப் படித்தார். ஆறாவது கட்டத்தில் கண் நின்றது.

"வைரல் ஃபீவர்னு சொன்னியே."

"ஆமா டாக்டர்."

"மாஸ்க் போட்டுக்கச் சொன்னேன் நான்." பிறகு இரண்டு அட்டைகளையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முதல்முறையாக உண்மையிலேயே பார்த்தார். ரொம்ப நேரம். "நீளமாத்தான் இருக்கு" என்றார். தாராபுரம் ரிப்போர்ட்டின் குறுக்கே கோடிழுத்து, திருத்தப்படுகிறது என்று எழுதித் தேதி போட்டார். "ஜூன்ல இருந்து அந்த மெஷின் பச்சை போட்டது அத்தனையும் எடுங்க. ரெண்டு பேரும் கண்ணால பாருங்க." ரெஜினா அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

தாராபுரத்துக்கு நானே போன் செய்தேன்.

"ரிப்போர்ட் தப்புங்க. உங்க பதினொண்ணாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் நுனி மாறியிருக்குது. பொறப்புல இருந்தே அப்படித்தான். அதனாலதான் மூணும். அடுத்தது நல்லபடியா நிக்கறதுக்கும் வாய்ப்பு இருக்குதுங்க. ஆனா பதினாறாவது வாரம் அந்த டெஸ்ட்டு கண்டிப்பா எடுக்கணும். உங்க டாக்டருக்கு இன்னிக்கே லெட்டர் போகுது."

அந்தப் பக்கம் எங்கோ தறி ஓடும் சத்தம்.

"தப்பு யாருதுங்க?"

"எங்களுது."

"அப்ப ராசி இல்லீங்களா."

"இல்லைங்க. பதினொண்ணு."

"பதினொண்ணு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "இது இருக்கறவங்க வேற யாராச்சும் இருக்காங்களா? இல்ல, நான் ஒருத்திதானுங்களா?"

"இருக்காங்க."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரிஞ்சவங்கதான்."

"அவங்களுக்கு எத்தனைங்க?"

"ரெண்டு."

"பாவம்" என்றாள். வைத்துவிட்டாள்.

பிறகு கண்ட்ரோல் அலமாரியைத் திறந்து, ஏழாம் எண் ஸ்லைடுகள் இருந்த இரண்டு தட்டுகளையும் எடுத்தேன். பழைய சீட்டைக் கிழித்துப் பெயர்ச் சீட்டு ஒட்டினேன். நோயாளிகள் அலமாரியில், தாராபுரத்துக்கு அடுத்த வரிசையில் வைத்தேன்.